கொஞ்சம் தள்ளுங்க அக்கா

இப்படிக் கொடுங்க தங்கச்சி அந்தப் போனை. அதில்லை, அதுக்குக் கீழே இருக்கிறது. கொடுங்க, நானே செய்றேன். பஸ் எங்கே நிற்குதுன்னு வீட்டுக்காரருக்குத் தெரியணும், அவ்வளவுதானே? இதோ, மெசேஜ் போயிருச்சு. நீங்க தடவிக்கிட்டே இருந்திருந்தா கூட்ஸ் வண்டியும் போய், ரயில்வே கேட்டும் திறந்து, பஸ் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

எப்படிச் செஞ்சேன்னு சொல்லித் தரவா? அதெல்லாம் எதுக்கு? இன்னொரு தடவை வேணும்னா கேளுங்க, செஞ்சு தரேன். பக்கத்திலேதானே இருக்கேன்.

நான் டீச்சர். கணக்கு டீச்சர். எங்க ஸ்கூலில் ஸ்மார்ட் போர்டு வந்தப்போ அதை முதலில் பிடிச்சது நான்தான். பெருமைக்குச் சொல்லலை. எங்கம்மா கோவில்பட்டி மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருந்தாங்க. ஸ்கூல் விட்டதும் நான் சாக்கு மேலே உட்காருவேன். யாரு வாங்க வந்திருக்கா, யாரு சும்மா தக்காளியை அமுக்கிப் பார்க்க வந்திருக்கான்னு மூஞ்சியைப் பார்த்தே சொல்லுவேன். பி.எட்.கூட அப்படிக் கடையில் உட்கார்ந்துதான் படிச்சேன். எனக்கு யாரும் தட்டில் வெச்சு எதையும் கொடுக்கலை. அதனால் எனக்குப் பொறுமை கிடையாது. கோபம் உண்டு. அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது.

அந்தப் போர்டு வாங்கினதே நான் பேரம் பேசித்தான், தெரியுமா? எங்க கரஸ்பாண்டென்ட் சின்ன வயசுக்காரர். அப்பா ஆரம்பிச்ச ஸ்கூலை இவர் எடுத்து நடத்துறார். கம்பெனிக்காரன் டை கட்டிக்கிட்டு வந்து இங்கிலீஷில் பேசினதும் எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தார். எனக்குப் பொறுக்கலை. "இருங்க சார், நான் பேசறேன்"னு உள்ளே போயிட்டேன்.

"மேடம், இந்த விலையில டிரெய்னிங்கும் சேர்ந்திருக்கு. எங்க ஆள் இங்கேயே வந்து தங்கி எல்லா டீச்சருக்கும் ஒவ்வொருத்தரா சொல்லிக் கொடுப்பார்"னான்.

"அப்படியா? அந்த ஆளை நீங்களே வெச்சுக்கோங்க. அதுக்குள்ளதைக் கழிங்க."

"மேடம், புதுசா பழகறவங்களுக்கு..."

"நாங்க டீச்சருங்கப்பா. ஊருக்கே சொல்லிக் கொடுக்கறவங்க. எங்களுக்கு நீ சொல்லிக் கொடுப்பியா?"

கழிச்சான். கழிக்காம எங்கே போவான்? அடுத்தது, சுவரில் மாட்டுறதுக்குத் தனியா ஒரு சட்டம் அடிக்கணும், அதுக்கு இவ்வளவுன்னு ஆரம்பிச்சான். "எதுக்குச் சட்டம்? கரும்பலகைதான் கல்லு மாதிரி இருக்கே, அது மேலேயே மாட்டு"ன்னேன். அதுவும் கழிஞ்சுது. கரஸ்பாண்டென்ட் என்னை ஏதோ சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அப்போ வாசலில் நின்னுக்கிட்டிருந்த புஷ்பம் அக்கா மட்டும் மெதுவா, "செண்பகம், கரும்பலகை ஒரு ஓரமாவாவது இருக்கட்டுமே"ன்னாங்க.

"நீங்க சும்மா இருங்க அக்கா. பேரத்துக்கு நடுவுல வந்துக்கிட்டு."

புஷ்பம் அக்கான்னா மரிய புஷ்பம் டீச்சர். எங்க ஸ்கூலில் பத்தாவதுக்கு சயின்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களைப் பார்க்கத்தான் இப்போ போயிக்கிட்டிருக்கேன். கழுகுமலை தாண்டி ஒரு ஸ்கூலில் இருக்காங்க. என் கூடப் பிறந்தவங்க இல்லை. ஆனா மத்தியானச் சாப்பாட்டை அவங்க டப்பாவும் என் டப்பாவும் கலந்துதான் சாப்பிடுவோம். அவங்க பொண்ணு ஷீலா என்னைச் சித்தின்னுதான் கூப்பிடும். கூப்பிட்டுக்கிட்டு இருந்துது.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்த அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. பிள்ளைங்களுக்கு இல்லை, பெரியவங்களுக்கு. நான் அந்த ஸ்கூலில் சேர்ந்தப்போ எனக்கு இங்கிலீஷ் பேச வராது. தமிழ் மீடியத்தில் படிச்சவள். அங்கே காலைப் பிரேயரில் டீச்சருங்க முறை வெச்சு இங்கிலீஷில் பேசணும். என்னைத் தயார் பண்ணுற வேலையைப் புஷ்பம் அக்காகிட்டே கொடுத்திருந்தாங்க. தினமும் ஸ்கூல் விட்டதும் காலி கிளாஸில் என்னை மேடையில் நிற்க வெச்சுட்டு, அவங்க கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துக்குவாங்க. நான் பாதியில் வார்த்தை கிடைக்காம நிற்பேன். அவங்களுக்கு அந்த வார்த்தை தெரியும். மூஞ்சியிலேயே தெரியும், வாய்க்குள்ளேயே இருக்கும். எடுத்துக் கொடுக்க மாட்டாங்க! கையை மடியில் வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. எனக்கு வேர்த்து ஊத்தும். "சொல்லித் தொலைங்களேன் அக்கா"ன்னு கத்தியிருக்கேன். "நீ சொல்லு"ன்னுவாங்க. அவ்வளவுதான். கல்நெஞ்சு. என்னமோ, நானா தட்டுத் தடுமாறிப் பேசக் கத்துக்கிட்டேன். இன்னைக்கு கலெக்டர் வந்தாலும் இங்கிலீஷில் சண்டை போடுவேன். அது வேற விஷயம்.

அதனால்தான் சொல்றேன். போர்டு வந்து, ஒவ்வொரு மூத்த டீச்சருக்கும் ஒரு டீச்சர் துணையா இருந்து பழக்கணும்னு கரஸ்பாண்டென்ட் சொன்னப்போ, நானே போய்க் கேட்டு வாங்கிக்கிட்டேன். "புஷ்பம் அக்காவை என்கிட்டே விடுங்க சார்." அவங்க என்னைத் தவிக்க விட்ட மாதிரி நான் அவங்களைத் தவிக்க விடக்கூடாதுன்னு எனக்கு ஒரு வைராக்கியம்.

பரீட்சை முடிஞ்சு புது வருஷம் ஆரம்பிக்கறதுக்குள்ளே எல்லாரும் ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டணும். காட்டினாத்தான் வேலை தொடரும்னுட்டார். தனியார் ஸ்கூல் பாருங்க, வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான் எல்லாருக்கும். இதில் புஷ்பம் அக்காவுக்கு வேலை மட்டும் இல்லை. ஷீலா அங்கேதான் பதினொண்ணாவது. டீச்சர் பிள்ளைங்கறதால் ஃபீஸில் சலுகை. அம்மாவுக்கு வேலை போச்சுன்னா பொண்ணும் ப்ளஸ் டூவுக்கு முன்னாடி வெளியே போகணும். அந்தப் பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்னு ராப்பகலா புத்தகமும் கையுமா கிடக்குது. எனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிஞ்சதாலேதானே அப்படிப் பாடுபட்டேன்?

ஸ்கூல் விட்டதும் ஸ்மார்ட் ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன். சாவி என்கிட்டேதான் இருக்கும். விலை உயர்ந்த சாமான், கண்டவங்க கையில் விட முடியுமா? அக்கா பேனாவைப் பிடிச்சுக்கிட்டுப் போர்டுக்கு முன்னாலே நிற்பாங்க. ஒரு விரலை நீட்டுவாங்க. அந்த விரல் போர்டைத் தொடறதுக்குள்ளே நம்ம உயிர் போயிரும் தங்கச்சி. நீட்டுறதும், நிறுத்துறதும், கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படிக்கறதும்... எனக்குக் கை குறுகுறுங்கும். "கொஞ்சம் தள்ளுங்க அக்கா"ம்பேன். தள்ளிக்குவாங்க. டக்கு டக்குன்னு நாலு அமுக்கு. படம் வந்துரும், பெருசாயிரும், கலர் மாறிரும்.

"பார்த்தீங்களா? இவ்வளவுதான்."

"பார்த்தேன்."

"புரிஞ்சுதா?"

"நீ செய்யும்போது புரியுது செண்பகம்."

சந்தோஷமா இருக்கும் எனக்கு. இதுக்கு நடுவில் அந்தப் போர்டில் அடிக்கடி ஒரு பெட்டி வரும். ஒரு பக்கத்தில் இருந்து அடுத்த பக்கம் போனா, இதைச் சேமிக்கணுமா, வேண்டாமா, போகாம இங்கேயே இருக்கணுமான்னு இங்கிலீஷில் கேட்கும். அது வந்த உடனே, அக்கா பயந்துடக் கூடாதுன்னு நான் சட்டுன்னு நடுவில் இருக்கிறதை அமுக்கி அனுப்பிருவேன். அவங்களுக்கு அதைப் படிக்கிற சிரமம்கூட வெச்சதில்லை.

ஒரு நாள், "நீ ஸ்டாஃப் ரூமில இரேன். நான் ஒருக்கா தனியா செஞ்சு பார்க்கறேன்"னாங்க.

"எதையாவது தப்பா அமுக்கிட்டீங்கன்னா?"

"அமுக்கினா என்ன ஆகும்?"

"கெட்டுப் போகும்க்கா! யாரு பதில் சொல்றது?"

அப்புறம் கேட்கலை. இன்னொரு நாள் சிரிச்சுக்கிட்டே, "உன் கையைக் கொஞ்சம் பின்னாலே கட்டிக்கயேன்"னாங்க. நானும் விளையாட்டா கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். எப்போ அவிழ்ந்துதுன்னு தெரியாது, பார்த்தா என் விரல் போர்டில் இருக்கு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவங்க கொஞ்சம் சீக்கிரமா நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்.

எங்க ஸ்கூலில் அருள்ராஜ்னு ஒரு சார். தமிழ் ஐயாவைப் பழக்கறதுக்கு அவர். பொறுப்பே கிடையாது. ஐயாவை உள்ளே விட்டுட்டு, இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். ஐயா எதை எதையோ அமுக்கி அந்தப் போர்டு கறுப்பாப் போயிரும். "சார், செத்துப் போச்சு"ன்னு ஐயா அலறுவார். "நீங்கதானே கொன்னீங்க, நீங்களே எழுப்புங்க"ன்னுட்டு அவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். நான் போய்ச் சண்டை போட்டிருக்கேன். "வயசானவரை இப்படியா அல்லாட விடறது?" அதுக்கு அவர், "அல்லாடினாத்தானே டீச்சர் கரை தெரியும்"னார். வாய்ப் பேச்சு. கடைசியில் தமிழ் ஐயா டெமோவில் தேறிட்டார். அதிர்ஷ்டம். சில பேருக்கு அமையும்.

எங்களுக்கு அமையலை.

அன்னைக்கு அக்கா மாம்பழக் கலர் புடவை கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. பாடம் இரத்த ஓட்டம். பத்தாவதுக்குப் போகப் போற ஸ்பெஷல் கிளாஸ் பிள்ளைங்க முன்னால்; கரஸ்பாண்டென்ட், பிரின்சிபால், நான், மூணு பேரும் பின்னால். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கரஸ்பாண்டென்ட் சொல்லிட்டார், "யாரும் எழுந்து உதவக் கூடாது. பிள்ளைங்களும் வாய் திறக்கக் கூடாது." முதல் பக்கம் பிரமாதமாப் போச்சு. இதயத்தைக் காட்டி, நாலு அறையையும் சொல்லி, நடுவில் ஒரு பையனை வம்புக்கு இழுத்து, கிளாஸே சிரிச்சுது. எனக்குப் பெருமை தாங்கலை. அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாங்க.

பெட்டி வந்துது.

அக்கா என்ன செஞ்சாங்க தெரியுமா? தள்ளிக்கிட்டாங்க. ஒரு எட்டு எடுத்து இடது பக்கமா நகர்ந்து, பேனாவைப் பிடிச்ச கையை இந்தக் கையால் பிடிச்சுக்கிட்டு, ஓரமா நின்னுட்டாங்க. எனக்கு வழி விடற மாதிரி. தினமும் எங்கே நிற்பாங்களோ அதே இடத்தில். நின்னு என்னைப் பார்த்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவங்க! அந்தப் பெட்டியில் இருக்கிற மூணு வார்த்தை அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா? ஏன் படிக்கலை? ஏன் தள்ளிப் போய் நின்னாங்க? இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுதான் விளங்கலை. அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

நான் எழுந்துட்டேன். என்னை அறியாமலே பாதி எழுந்துட்டேன். கரஸ்பாண்டென்ட் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "உட்காருங்க டீச்சர்"னார். உட்கார்ந்தேன். உட்கார்ந்துக்கிட்டு என் முழங்காலையே அமுக்கறேன். நடுவில் இருக்கிறது அக்கா, நடுவில் இருக்கிறது. வாய் வரைக்கும் வந்துருச்சு. மார்க்கெட்டில் எத்தனை பேர் வாயை அடைச்சவள் நான்! ஒரு வார்த்தை வெளியே வர மாட்டேங்குது.

அக்கா திடீர்னு போர்டுக்குக் கீழே கையை விட்டாங்க. எதையோ தேடினாங்க. சாக்பீஸ். பழைய கரும்பலகைக்குக் கீழே சாக்பீஸ் வைக்க ஒரு சட்டம் இருக்குமில்ல, அங்கே. எழுதிக் காட்டிடலாம்னு நினைச்சிருப்பாங்க. ஆனா கரும்பலகைதான் இல்லையே, போர்டு மேலே உட்கார்ந்திருக்கே. விரல் அந்த இடுக்கில் கொஞ்ச நேரம் தடவிட்டு வெறுங்கையா திரும்பி வந்துது. அந்தக் கம்பெனிக்காரனுக்கு அறிவிருந்தா ஓரமா ஒரு கரும்பலகை விட்டு மாட்டியிருக்கணும். நமக்குத் தெரியுமா அதெல்லாம்? அவன்தானே சொல்லணும்?

கரஸ்பாண்டென்ட் எழுந்து போயிட்டார்.

விட்டுருவேனா நான்? நேரா அவர் ரூமுக்குப் போனேன். நின்னேன். அவர் முடியாதுன்னார். நான் நகரலை. அவர் சாப்பிடப் போகணும்னார். போங்க, நான் இங்கேயே நிற்கறேன்னேன். கடைசியில் இறங்கி வந்தார். என்ன ஏற்பாடுன்னா, புஷ்பம் அக்கா எப்பவும்போல பத்தாவதுக்குப் பாடம் நடத்தலாம். எனக்கு ஓய்வு இருக்கிற பீரியடை எல்லாம் அவங்க பீரியடோட சேர்த்து வெச்சுருவாங்க. நான் பக்கத்தில் நின்னு போர்டைப் பார்த்துக்கணும். ஷீலாவோட சலுகையும் அப்படியே. எவ்வளவு பெரிய பேரம் பாருங்க! எனக்கு ஒரு பீரியட்கூட உட்கார நேரம் கிடையாது. பரவாயில்லைன்னு ஒத்துக்கிட்டு ஓடி வந்தேன்.

அக்கா ஸ்டாஃப் ரூமில் தனியா இருந்தாங்க. டப்பா திறக்கவே இல்லை. மூச்சு வாங்கச் சொன்னேன். கேட்டுட்டு, "என் கிளாஸ்ல நீ என் பக்கத்துல நிப்பியா?"ன்னாங்க.

"ஆமாக்கா."

"வருஷம் பூரா?"

"வருஷம் என்ன, நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் நிப்பேன்."

"எங்கே நிப்பே?"

"போர்டுகிட்டே."

"அப்போ நான் எங்கே நிக்கறது செண்பகம்?"

இதென்ன கேள்வி? "எங்கே வேணாலும் நில்லுங்க அக்கா, இடமா இல்லை?"ன்னேன். என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாங்க. சம்மதம்னு நினைச்சேன்.

மறுநாள் ராஜினாமா கொடுத்துட்டாங்க. ஷீலாவுக்கு டி.சி.யும் வாங்கியாச்சு. என்கிட்டே ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பொண்ணுதான் வீட்டு வாசலில் நின்னு, எங்க வீட்டு டப்பா ஒண்ணு அவங்ககிட்டே இருந்துதுன்னு கொண்டாந்து கொடுத்துது. "அம்மா கொடுக்கச் சொன்னாங்க டீச்சர்." டீச்சராம். நான் உள்ளே வான்னேன். ட்யூஷன் இருக்குன்னு போயிருச்சு. நான் அந்த டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு வாசலிலேயே நிற்கறேன். யாருகிட்டே போய்ப் பேரம் பேசுவேன், சொல்லுங்க.

கோபம் வந்துது. வராதா? செஞ்ச உதவிக்கு இதுவா? நானும் போன் பண்ணலை, அவங்களும் பண்ணலை. இங்கே அவங்க இடத்துக்கு வந்த பொண்ணு அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே கல்யாணம்னு போயிருச்சு. உடனே எனக்குப் பொறி தட்டுச்சு. கரஸ்பாண்டென்ட்கிட்டே போய் உட்கார்ந்து, அக்காவைத் திரும்ப எடுத்துக்கணும், ஷீலாவையும் சேர்த்துக்கணும், டெமோ கிமோன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் முடிச்சுட்டேன். அக்காவைக் கேட்டேனான்னா? கேட்கறதுக்கு என்ன இருக்கு? நல்லதுதானே.

முந்தாநாள் போன் பண்ணினேன். "ஞாயித்துக்கிழமை வரேன்க்கா. நல்ல சேதி. மூட்டையைக் கட்டி வைங்க." அதுக்கு அவங்க, "ஒரு வீடியோ அனுப்பறேன். கடைசி வரைக்கும் பாரு. பார்த்துட்டு வா"ன்னாங்க. ஷீலா எப்படி இருக்கான்னேன். "படிக்கறா"ன்னாங்க. வெச்சுட்டாங்க.

அந்த வீடியோதான் தங்கச்சி இது. அவங்க இப்போ இருக்கிற ஸ்கூல். அங்கேயும் ஒரு போர்டு இருக்கு, நம்மளதைவிடச் சின்னது, பக்கத்திலேயே கரும்பலகையும் இருக்கு பாருங்க. பாடம் அதே இரத்த ஓட்டம். யாரோ பின் பெஞ்சில் இருந்து எடுத்திருக்காங்க. அக்கா இளைச்சிருக்காங்க. இதயம் காட்டுறாங்க, நாலு அறை சொல்றாங்க, யாரையோ வம்புக்கு இழுக்கறாங்க, பிள்ளைங்க சிரிக்குது. அடுத்த பக்கம் தள்ளுறாங்க. அதே பெட்டி வருது.

பக்கத்தில் யாரும் இல்லை. அக்கா மட்டும் நிற்கறாங்க. கண்ணாடியை மேலே தள்ளுறாங்க. நிற்கறாங்க. என்னால் பார்க்க முடியாது தங்கச்சி. நடுவில் இருக்கிறது அக்கான்னு என் விரல் போய் அமுக்கிருது. அங்கே எங்கே அமுங்கும்? போனில் வீடியோதான் நின்னு போகுது. மறுபடி முதலிலிருந்து போடுவேன். மறுபடி அதே இடம், மறுபடி என் கை. நேத்தெல்லாம் இதே வேலை. காலையில் பஸ் ஸ்டாண்டிலும் இதேதான். அந்தப் பெட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் பார்த்துட்டு வரச் சொன்னாங்க. ஊர் வரப் போகுது. பார்த்தியான்னு கேட்டா என்ன சொல்லுவேன்?

நீங்க ஒரு உதவி செய்யுங்க. போனை நீங்க பிடிங்க. நான் கையைத் தொடைக்கு அடியில் வெச்சுக்கறேன். இதோ, வெச்சாச்சு. போடுங்க. எதையும் தொடாதீங்க, ஓடட்டும். நீங்க பார்த்துச் சொன்னாப் போதும், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கறேன்.

கூட்ஸ் வண்டி போயிருச்சு பாருங்க. கேட்டைத் தூக்கறான்.

சிரிக்கறாங்களா பிள்ளைங்க? ம். அடுத்த பக்கம் போறாங்களா? பெட்டி வந்துருச்சா? என்ன செய்றாங்க? நிற்கறாங்களா? தள்ளி நிற்கறாங்களா, போர்டுகிட்டேயே நிற்கறாங்களா? சரியாச் சொல்லுங்க. படிக்கறாங்களா? உதடு அசையுதா? விரலை நீட்டுறாங்களா? எங்கே நீட்டுறாங்க, மேலேயா, நடுவிலேயா? ஐயோ, அது இல்லை, அதுக்குக் கீழே... இப்படிக் காட்டுங்க. ஒரு நிமிஷம் தங்கச்சி, கொஞ்சம் இப்படிக் கொடுங்க...

நின்னுருச்சு.

பார்த்தீங்களா? இந்த இடத்திலேதான். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்திலேதான் நின்னுருது.